பிள்ளையின் கம்ப்யூட்டர் நேரத்துக்கு வரம்பு: செட்டிங்ஸில் எங்கே, என்ன, எப்படி

பிள்ளை கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்றதும் நிறையப் பேர் முதலில் தேடுவது, இதற்கு என்ன சாஃப்ட்வேர் வாங்கலாம் என்றுதான். வாங்கவே தேவையில்லை. விண்டோஸ், மேக், குரோம்புக் மூன்றிலும் நேர வரம்பு வைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது, லினக்ஸுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. வரம்பைப் போடுவது கொஞ்ச நேர வேலை. போட்ட வரம்பு ஒரு வாரம்கூட நிற்பதில்லை என்பதுதான் சிக்கல், அதற்குக் காரணம் பெரும்பாலும் சாஃப்ட்வேர் இல்லை. பிள்ளை உட்காருவது அம்மாவின் அல்லது அப்பாவின் கணக்கில், இல்லையென்றால் பிள்ளையின் கணக்குக்கே அட்மின் உரிமை இருக்கிறது. அட்மின் உரிமை கையில் இருக்கிறவருக்கு எந்த வரம்பும் வரம்பில்லை, அவர் நினைத்தால் அணைத்துவிடலாம். அதனால் டைமரை எங்கே திருப்புவது என்பதற்கு முன்னால் கணக்கு.

முதலில் கணக்கைப் பிரியுங்கள்

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், எல்லாரும் ஒரே கணக்கில் நுழைகிறார்கள் என்றால் அதை இன்றே மாற்றுங்கள். பெரியவர்களுக்கு ஒரு கணக்கு, அதற்கு அட்மின் உரிமை, அதற்குப் பிள்ளைக்குத் தெரியாத பாஸ்வேர்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கணக்கு, அது ஸ்டாண்டர்டு வகை, அதாவது அட்மின் உரிமை இல்லாதது. இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்கைப் பகிர்ந்தால் யார் நேரத்தை யார் தின்றது என்று தினமும் பஞ்சாயத்துதான்.

விண்டோஸில் பிள்ளை ஏற்கெனவே ஒரு லோக்கல் கணக்கு (அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கும் கணக்கு) வைத்திருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் யுவர் இன்ஃபோ போனால் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாறச் சொல்லும் ஒரு இணைப்பு இருக்கும். மாறினாலும் கோப்புகளும் சேமித்த விளையாட்டுகளும் அப்படியே இருக்கும். பிள்ளையின் கணக்கு அட்மினாக இருந்தால் உங்கள் கணக்கில் நுழைந்து அதன் வகையை ஸ்டாண்டர்டாக மாற்றுங்கள். இதுவரை உங்கள் கணக்கிலேயே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையாக இருந்தால், மாற்றும் நாளில் அவர்களுடைய படங்கள், விளையாட்டின் சேமிப்புகள் எல்லாவற்றையும் புதுக் கணக்குக்கு நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். பல மாதம் கட்டிய உலகம் காணாமல் போனால் முதல் நாளே போர் தொடங்கிவிடும், அதில் நியாயம் பிள்ளை பக்கம்தான்.

இன்னொன்று, கணக்கு உருவாக்கும்போது பிறந்த தேதியை உண்மையாகக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள் மூன்றுமே வயதை வைத்துத்தான் இது பிள்ளையின் கணக்கா, பெற்றோரின் மேற்பார்வை வேண்டுமா என்று முடிவு செய்கின்றன. பல சேவைகளில் 13 வயது ஒரு எல்லை, சில நாடுகளில் அது இன்னும் அதிகம். ஏதோ ஒரு விளையாட்டில் சேருவதற்காக முன்பு எப்போதோ 1995 என்று பிறந்த ஆண்டைப் போட்டு உருவாக்கிய மெயில் ஐடி இருந்தால் கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு பெரியவர். அதை ஓரம் வைத்துவிட்டுச் சரியான வயதில் புதிதாக ஒன்று தொடங்குவது பெரும்பாலும் எளிது.

எவ்வளவு நேரம் என்று எப்படி முடிவு செய்வது

இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது: இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து திரை பார்க்க வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே ஒரே எண்ணைச் சொல்லாமல், தூக்கம், ஓடியாடி விளையாடுவது, படிப்பு ஆகியவற்றின் இடத்தைத் திரை பிடிக்காதபடி நிலையான வரம்பு வையுங்கள் என்றுதான் சொல்கிறது.

அதனால் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று பார்த்து அதிலிருந்து பின்னோக்கிப் போனால் படுக்கும் நேரம் வரும், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கம்ப்யூட்டர் நிற்க வேண்டும். இதுதான் முதல் வரம்பு, இதில் பேரம் கிடையாது. மீதியிருக்கும் நேரத்தில் பள்ளி, சாப்பாடு, வெளியே ஓடுவது போக மிச்சத்தில் எவ்வளவு என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. நான் பார்த்தவரை "ஒரு நாளைக்கு இவ்வளவு" என்பதைவிட "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை" என்பதற்குத்தான் சண்டை குறைவு. கடிகாரம் எல்லாருக்கும் பொது. மிச்ச நிமிடக் கணக்கு அப்படியில்லை, பிள்ளை சொல்வது ஒன்றாகவும் நீங்கள் நினைப்பது வேறாகவும்தான் இருக்கும்.

அப்புறம், வரம்பு போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் வெறுமனே பாருங்கள். விண்டோஸ், மேக், குரோம்புக் மூன்றிலும் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்று அறிக்கை வரும். அதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். விளையாட்டைத் திறக்கும் லாஞ்சர் பின்னணியில் சும்மா கிடந்தாலும் சில சமயம் மணிக்கணக்கில் காட்டும். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து பார்ப்பது நல்லது, எது நிஜம் எது வெறுமனே திறந்து கிடந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

விண்டோஸ்

இங்கே வேலை செய்வது மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி என்ற இலவச வசதி. உங்கள் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஃபேமிலி என்ற பகுதிக்குப் போய் ஆளைச் சேருங்கள். பிள்ளைக்கு மெயில் ஐடி இல்லையென்றால் அங்கேயே உருவாக்கலாம். சேர்க்கும்போது நீங்கள் ஆர்கனைசர் (வரம்பு வைப்பவர்), பிள்ளை மெம்பர். பிறகு பிள்ளை அந்தக் கம்ப்யூட்டரில் தன் கணக்கில் ஒருமுறையாவது நுழைந்தாக வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி தளத்திலோ ஃபோனில் ஃபேமிலி சேஃப்டி ஆப்பிலோ பிள்ளையின் பெயரைத் தொட்டால் அந்தக் கம்ப்யூட்டர் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்கள் என்ன வரம்பு போட்டாலும் அது எங்கேயும் போய்ச் சேராது. இந்த ஒரு இடத்தில் ஏமாந்துவிட்டு "இது வேலையே செய்யவில்லை" என்று கைவிடுகிறவர்கள் நிறைய.

ஸ்கிரீன் டைம் பகுதியில் ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டு விஷயம் கேட்கும், மொத்தம் எவ்வளவு, எந்த நேரத்துக்குள் என்று. இரண்டையும் போடுங்கள். பள்ளி நாளுக்கு ஒன்று, விடுமுறை நாளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் எக்ஸ்பாக்ஸும் இருந்தால் எல்லாக் கருவிக்கும் ஒரே கால அட்டவணை என்ற ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டரில் முடிந்ததும் எக்ஸ்பாக்ஸில் புதிதாக இன்னொரு நேர அளவு தொடங்கும்.

நேரம் முடிவதற்கு முன்னால் எச்சரிக்கை வரும், முடிந்ததும் திரை பூட்டிக்கொள்ளும், கூடுதல் நேரம் கேட்க அங்கேயே ஒரு வழி இருக்கும். பிள்ளை கேட்டால் உங்களுக்கு மெயிலிலும் ஆப்பிலும் தகவல் வரும்.

பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய ஒன்று: கணக்கு திறந்திருக்கும்வரை நேரம் ஓடிக்கொண்டேயிருக்கும், எதிரே ஆள் இருக்கிறாரா என்று அது பார்க்காது. சாப்பிடப் போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்திப் பூட்டிவிட்டுப் போகட்டும். இது தெரியாமல் பாதி நேரத்தைச் சும்மா இழந்த பிள்ளைக்கு அந்த சாஃப்ட்வேர் மீது வரும் கோபம் உங்கள் மீதும் வரும்.

நீங்கள் செய்யும் மாற்றம் அந்தக் கம்ப்யூட்டரைச் சேர இணைய இணைப்பு வேண்டும், சில சமயம் கொஞ்சம் தாமதமும் ஆகும். அவசரப்பட்டு நாலு தடவை மாற்றி மாற்றிப் போட வேண்டாம்.

வீட்டுப்பாடமா விளையாட்டா

எல்லாருக்கும் தலைவலி இங்கேதான். மொத்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு மணி நேரம் என்று போட்டால், கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது திரை பூட்டிக்கொள்ளும். பள்ளி வேலையைக் காரணம் காட்டி வரம்பைத் தூக்கினால் அந்த நேரம் முழுக்க விளையாட்டு. நியாயமான வழி, கம்ப்யூட்டருக்குத் தாராளமாக நேரம் கொடுத்துவிட்டு, விளையாட்டு ஆப்களுக்கு மட்டும் தனித்தனியாக வரம்பு வைப்பது. ஃபேமிலி சேஃப்டியில் ஆப்ஸ் அண்ட் கேம்ஸ் என்ற பகுதி இதற்குத்தான். அறிக்கையில் முதல் மூன்று இடத்தில் இருப்பவற்றுக்கு மட்டும் போடுங்கள், முப்பது ஆப்புக்கும் வரம்பு வைத்துவிட்டு அதைப் பராமரித்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது.

பிரவுசர்தான் இதில் ஓட்டை. பாடமும் அங்கேதான், வீடியோவும் அங்கேதான், ஆயிரம் சின்ன விளையாட்டுகளும் அங்கேதான். பிரவுசருக்கு நேர வரம்பு போட்டால் பாடம் நின்றுவிடும். அதனால் அங்கே நேரத்தைத் தொடாமல் தளங்களைத் தடுக்கலாம். வெப் ஃபில்டரைப் போட்டு, பிள்ளை அடிக்கடி போகும் விளையாட்டுத் தளங்களின் பெயரைத் தடைப் பட்டியலில் சேருங்கள். இந்த ஃபில்டர் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் மட்டுமே வேலை செய்யும். அதனால்தான் அதைப் போட்டதும் குரோம் போன்ற மற்ற பிரவுசர்கள் பிள்ளையின் கணக்கில் தடுக்கப்படும், அது கோளாறு இல்லை. வீடியோ தளம் பாடத்துக்கும் தேவைப்படும் என்றால் அதைத் தடுக்க முயலாதீர்கள், தோற்றுப்போவீர்கள். கம்ப்யூட்டர் எல்லாரும் நடமாடும் அறையில், திரை வெளியே தெரியும்படி இருந்தால் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். எந்த ஃபில்டரும் செய்யாத வேலையை அந்த மேசை செய்யும்.

சில விளையாட்டுகளுக்கு அவற்றுக்குள்ளேயே வரம்பு வைக்கும் வசதி வந்துவிட்டது. விளையாட்டுகளை வாங்கித் திறக்கும் தளமான ஸ்டீமில் ஃபேமிலிஸ் என்ற குழுவில் பிள்ளையைச் சேர்த்தால் விளையாட்டு நேரத்தைக் கட்டுப்படுத்தலாம். ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில் பெற்றோர் கணக்கை இணைத்து நாளுக்கு இவ்வளவு என்று வைக்கலாம். பிள்ளையின் மொத்த நேரமும் ஒரே விளையாட்டில்தான் போகிறது என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு இங்கே மட்டும் வரம்பு போட்டாலே போதும், அந்த விளையாட்டை எந்தக் கருவியில் திறந்தாலும் அது கூடவே வரும்.

மேக், குரோம்புக், லினக்ஸ்

மேக்கில் ஸ்கிரீன் டைம் 2019-இல் கேடலினா பதிப்போடு வந்தது, அதற்கு முந்தைய ஆண்டே ஐஃபோனில் வந்துவிட்டது. ஆப்பிளின் குடும்பக் குழுவான ஃபேமிலி ஷேரிங்கில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் உங்கள் ஐஃபோனிலிருந்தே எல்லாவற்றையும் மாற்றலாம். டவுன்டைம் என்பது இரவு நேரப் பூட்டு, ஆப் லிமிட்ஸ் என்பது விளையாட்டு, சமூக ஊடகம் என்று வகை வகையாக நேரம் பிரிப்பது, ஆல்வேஸ் அலவ்டு என்பதில் எப்போதும் திறக்கலாம் என்கிற ஆப்களை, அதாவது அகராதி, குறிப்பேடு மாதிரியானவற்றை வையுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம். ஸ்கிரீன் டைமுக்கு என்று தனியாக நான்கு இலக்கப் பாஸ்கோடு வைக்க வேண்டும், அது மேக்கில் நுழையும் பாஸ்வேர்டும் இல்லை, உங்கள் ஃபோனைத் திறக்கும் எண்ணும் இல்லை. இன்னொன்று, வரம்பு முடிந்ததும் தடு என்கிற சின்னத் தேர்வு ஒன்று ஒவ்வொரு வரம்புக்கும் கீழே இருக்கும். அதைப் போடாவிட்டால் நேரம் முடிந்ததும் ஒரு அறிவிப்பு வரும், இன்றைக்கு விட்டுவிடு என்று பிள்ளை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தொடரும். போட்டிருந்தாலும் இன்னும் ஒரு நிமிடம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள ஆப்பிளே அனுமதிக்கிறது, எழுதியதைச் சேமிக்க அது போதும்.

குரோம்புக்கில் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப். முதன்முதலில் யார் நுழைகிறாரோ அவர்தான் அந்தக் கருவியின் உரிமையாளர், அதனால் முதலில் நீங்கள் நுழைந்து பிறகு பிள்ளையைச் சேருங்கள். உங்கள் கணக்கின் செட்டிங்ஸில் கெஸ்ட் முறையை (கணக்கு இல்லாமல் நுழையும் வழியை) அணைத்துவிட்டு, யார் யார் நுழையலாம் என்ற பட்டியலையும் பூட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் நேரம் முடிந்த பிள்ளை கெஸ்டாக உள்ளே போய்விடும், அங்கே எந்த வரம்பும் இல்லை. மற்றபடி தினசரி அளவு, தூங்கும் நேரம், உடனே பூட்டு என்ற பொத்தான் எல்லாம் ஃபோனிலேயே இருக்கின்றன.

லினக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு டைம்கேபிஆர் நெக்ஸ்ட் என்ற இலவச சாஃப்ட்வேர். நாள், வாரம், மாதம் என்று அளவு வைக்கலாம், எந்தெந்த மணிக்குள் என்றும் சொல்லலாம், நேரம் முடிந்தால் வெறுமனே பூட்டுவதா வெளியேற்றுவதா என்பதும் உங்கள் விருப்பம். இன்றைக்கு மட்டும் அரை மணி நேரம் கூட்டு என்பதும் ஒரே சொடுக்கு. பிள்ளையின் கணக்குக்கு சூடோ உரிமை, அதாவது லினக்ஸின் அட்மின் உரிமை, இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வழிகள்

பத்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் ஓட்டை தேடும். அது கெட்ட புத்தியும் இல்லை, பூட்டைப் பார்த்தால் எப்படித் திறப்பது என்று யோசிக்கிற வயது. எங்கெல்லாம் தேடுவார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே அடைத்துவிடலாம்.

முதலாவதும் மிகச் சாதாரணமானதும் உங்கள் பின் எண். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிடுவார்கள். பிறந்த ஆண்டு, வண்டி எண், ஃபோனுக்கு வைத்த அதே எண் எல்லாம் முதல் நாளே போய்விடும். விரல்ரேகையோ முக அடையாளமோ இருந்தால் உங்கள் கணக்குக்கு அதை வையுங்கள், பின் எண்ணைப் பிள்ளை முன்னால் அடிக்கவே தேவைப்படாது.

இரண்டாவது, இதைப் பலர் யோசிப்பதேயில்லை. கூடுதல் நேரம் கேட்டால் அனுமதி கொடுக்கும் மெயில் யாருக்கு வருகிறது? உங்களுக்கு. அந்த மெயில் எங்கே திறந்து கிடக்கிறது? சோஃபாவில் கிடக்கும் டேப்லெட்டில். அல்லது பிள்ளையின் பிரவுசரிலேயே எப்போதோ நீங்கள் அவசரத்துக்கு நுழைந்துவிட்டு வெளியேறாமல் விட்டிருப்பீர்கள். பிள்ளை தானே கேட்டு, தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும். பிள்ளையின் கணக்கில் பிரவுசரைத் திறந்து, சேமித்த பாஸ்வேர்டுகளில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது பழைய வித்தை. விண்டோஸில் ஸ்டாண்டர்டு கணக்கால் கடிகாரத்தை மாற்ற முடியாது, ஆனால் நேர மண்டலத்தை மாற்ற முடியும். எப்போதாவது திரையின் மூலையில் இருக்கும் நேரம் விசித்திரமாகத் தெரிந்தால் கேள்வி கேட்கலாம்.

ஸ்டாண்டர்டு கணக்கில் எதையும் நிறுவ முடியாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சில ஆப்கள் பிள்ளையின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும், அதற்கு அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை. வார அறிக்கையில் புதுப் பெயர் ஏதாவது தென்பட்டால் அது என்ன என்று பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளை யுஎஸ்பியில் லினக்ஸை ஏற்றிக்கொண்டுவந்து அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கும். அப்போது விண்டோஸில் நீங்கள் போட்ட எதுவுமே அங்கே கிடையாது. பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை செட்டிங்ஸுக்குள்) போய் பாஸ்வேர்டு வைத்து, யுஎஸ்பியிலிருந்து தொடங்குவதை அணைத்தால் போதும். ஆனால் இந்த அளவுக்கு வந்துவிட்ட பிள்ளையிடம் பூட்டைவிடப் பேச்சுதான் பலன் தரும் என்பது என் எண்ணம், தவிர அது கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் பாராட்டவும் தோன்றும்.

எல்லாம் போட்டு முடித்ததும் நீங்களே பிள்ளையின் கணக்கில் நுழைந்து, அன்றைய வரம்பை மிகக் குறைவாக வைத்து, நேரம் முடியும்போது என்ன ஆகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். கெஸ்டாக நுழைய முடிகிறதா, வேறு பிரவுசர் திறக்கிறதா, ஆப்பை மூடித் திறந்தால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சிஸ்டத்துக்குப் பெரிய அப்டேட் வந்த பிறகும் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது.

ரவுட்டர் எதற்கு

ரவுட்டரில் குறிப்பிட்ட கருவிக்கு இரவு இத்தனை மணிக்கு இணையத்தை நிறுத்து என்று வைக்கலாம். பல ரவுட்டர்களில் பேரன்டல் கன்ட்ரோல் என்ற பெயரிலேயே இருக்கும். பள்ளி கொடுத்த லேப்டாப்புக்கு இது கைகொடுக்கும், ஏனென்றால் அதன் அட்மின் பள்ளி, அதில் நீங்கள் எதையும் மாற்ற முடியாது. ஆனால் ரவுட்டர் நிறுத்துவது இணையத்தை மட்டுமே. இணையம் இல்லாமல் ஓடும் விளையாட்டு தொடர்ந்து ஓடும், ஃபோனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டால் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் அடையாள எண், ஆப்பிளின் மேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) வைத்துத்தான் ரவுட்டர் ஆளை அடையாளம் காண்கிறது, இப்போதைய ஃபோன்கள் பலவும் அந்த முகவரியை மாற்றிக்காட்டும், சில கம்ப்யூட்டர்களிலும் அந்த வசதி உண்டு. எனவே இரவுப் பூட்டுக்கு இரண்டாவது தாழ்ப்பாளாக வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் நம்ப வேண்டாம்.

ரவுட்டரைத் திறந்ததோடு திறந்தபடி டிஎன்எஸ் முகவரியையும், அதாவது தளங்களின் பெயரைத் தேடிக் கொடுக்கும் சேவையின் முகவரியையும், மாற்றிவிடலாம். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் வீடு முழுக்கத் தடுக்கும், கட்டணம் இல்லை. நேரத்தோடு இதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இன்னொருமுறை ரவுட்டருக்குள் எப்போது நுழையப் போகிறீர்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சாகியிருப்பதாகவே இருந்தால் அதையும் மாற்றுங்கள், பிள்ளைக்கும் அந்தத் தாளைப் படிக்கத் தெரியும்.

காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் எப்போது தேவை என்றால், வீட்டில் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாம் கலந்திருந்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்கிறபோது. க்யூஸ்டோடியோ, நெட் நேனி போன்றவை அந்த வகை. பிள்ளைக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து ஒவ்வொரு தட்டச்சையும் பதிவு செய்வோம் என்று விளம்பரம் செய்கிறவற்றைத் தொடாதீர்கள். அவற்றுக்குக் கம்ப்யூட்டரின் எல்லா உரிமையும் கொடுக்க வேண்டும், பிள்ளையின் பேச்சு முழுக்க யாரோ ஒருவரின் சர்வரில் போய் உட்காரும், ஒரு நாள் பிள்ளைக்கு அது தெரிந்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அது நம்பாது.

கூடுதல் நேரம் கேட்கும்போது

வரம்பு போட்ட முதல் வாரம் கோரிக்கை மழையாக இருக்கும். இதற்கு என்ன செய்வீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து, அதைப் பிள்ளையிடம் சொல்லியும் வையுங்கள். என் யோசனை, கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஃபோனில் அனுமதி கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் வரம்பு இரண்டு மணி நேரம் இல்லை, இரண்டு மணி நேரமும் எத்தனை தடவை நச்சரிக்க முடியுமோ அத்தனை பதினைந்து நிமிடமும் என்று ஆகிவிடும். வாரத்துக்கு இத்தனை தடவை கூடுதல், எப்போது வேண்டும் என்பது உன் விருப்பம் என்று விட்டுவிட்டால், கேட்பதா சேமிப்பதா என்று யோசிக்கும் வேலை பிள்ளைக்குப் போகிறது. பள்ளி வேலைக்காகக் கேட்டால் அது இந்தக் கணக்கில் வராது, ஆனால் என்ன வேலை என்று காட்ட வேண்டும்.

வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் இருவருக்குமே கோரிக்கை போகும். அம்மா முடியாது என்று சொன்ன ஐந்தாவது நிமிடம் அப்பா சரி என்று தட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை. யார் பதில் சொல்வது என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர் தன் ஃபோனில் அந்த அறிவிப்பையே அணைத்துவிடலாம்.

இன்னொரு விஷயம் விளையாட்டுகளின் இயல்பைப் பற்றி. நண்பர்களோடு சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தினால் அணி தோற்கும், சில விளையாட்டுகள் பாதியில் போனவருக்குத் தண்டனையும் கொடுக்கும், எங்கே வேண்டுமானாலும் சேமிக்கவும் முடியாது. எட்டு மணிக்குத் திரை பூட்டும் என்றால் ஏழு நாற்பதுக்குப் புது ஆட்டம் தொடங்கக் கூடாது என்பது விதியாக இருக்கட்டும். ஒரு ஆட்டம் சராசரியாக எவ்வளவு நேரம் என்று பிள்ளையிடமே கேட்டு அந்த எண்ணை வையுங்கள். எச்சரிக்கை வந்த பிறகும் தொடங்கினால் பாதியில் அறுந்துபோவது அதன் பொறுப்பு. இந்த ஒரு மாற்றத்தால் கத்தலும் அழுகையும் நிறையக் குறையும், ஏனென்றால் சண்டையில் பாதி நேரம் குறைவு என்பதற்காக வருவது இல்லை, ஆட்டம் நடுவில் நின்றதற்காக வருவது.

வரம்பு இருப்பதை ஒளிக்கவும் வேண்டாம். செட்டிங்ஸை மாற்றும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன போடுகிறேன், எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.

வயது ஏற ஏற

ஏழு வயதில் போட்டதையே பதினைந்து வயதிலும் வைத்திருந்தால் நடக்காது. சின்னப் பிள்ளைக்கு நாள் அளவு, நேரம், தளம் எல்லாவற்றுக்கும் வரம்பு இருக்கலாம். பத்து, பதினொன்று ஆகும்போது ஆப் வரம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மொத்த அளவை மட்டும் வையுங்கள். பதின்ம வயதில் இரவுப் பூட்டும் வார அறிக்கையும் போதும், அறிக்கையும் உங்களுக்கு மட்டும் வராமல் பிள்ளையும் பார்க்கும்படி இருக்கட்டும். ஒவ்வொரு பள்ளி ஆண்டு தொடங்கும்போதும் உட்கார்ந்து எதை எடுக்கலாம் என்று பேசலாம். எடுத்த பிறகு மதிப்பெண்ணோ தூக்கமோ சரிந்தால் திரும்பப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது, அதையும் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளை தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் வயதை எட்டியதும் சில சேவைகளில் மேற்பார்வையிலிருந்து வெளியேறும் வழியும் அதற்குக் கிடைக்கும். அந்த நாளுக்கு ஓர் ஆண்டு முன்னாலிருந்தே இரவுப் பூட்டைத் தவிர மற்றவற்றைத் தளர்த்திப் பார்த்துவிடுவது வசதி, அப்போதுதான் எங்கே சறுக்குகிறது என்பது நீங்கள் இன்னும் பக்கத்தில் இருக்கும்போதே தெரியும்.